முட்டுக்காரப் பிள்ளையின் ஐஸ் ஹொக்கி

என்னை நினைத்தே பயந்துகொண்டிருந்த என் அன்பு அம்மாவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். முட்டு வரவில்லை, மூச்சு இழுக்கவில்லை.

நீங்கள் கடைசியாக அனுப்பிய கசெட்டில் அதைத்தானே கேட்டிருந்தீர்கள். "தம்பி, அங்கை சரியான குளிராமெல்லோ. முட்டு இழுக்குதோ மோனை? மறைக்காமல் சொல்லு. தலையை மூடிக்கொண்டு திரியிறனியோ?" அதற்குப் பிறகு பெரியண்ணையிடம், "இது இப்ப பதியுதோ, இல்லையோ?" என்று கேட்கிறீர்கள். அதோடு கசெட் முடிகிறது. நான் பதிலைப் பதிந்து, கொழும்புக்குப் போகிற ஆள் யாராவது கிடைப்பாரா என்று தேடிக்கொண்டிருந்த கிழமையில்தான் நீங்கள் போய்விட்டதாகச் செய்தி வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வாங்காமல் விடுகிற ஆள் இல்லையே நீங்கள். இதை மட்டும் எப்படி விட்டீர்கள்?

தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் கடைசிப் பிள்ளை. அந்தக் கடைசிப் பிள்ளை சுவிஸில் பீல் நகரத்தில் ஒரு ரெஸ்டோறன்ட் குசினியில் சட்டி கழுவிக்கொண்டு நின்றான். என் அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. எல்லையைத் தாண்டினால் திரும்பி வர வழியில்லை. எனக்காகவும் சேர்த்துப் பெரியண்ணைதான் வைத்தார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன். எழுதினால் அழுகைதான் வரும். நான் சொல்ல வந்தது வேறு விஷயம்.

அம்மா, நான் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறேன். இருங்கள், எழும்பி ஓடிவராதீர்கள். முழுக்கக் கேளுங்கள்.

ஒரு பெரிய மைதானம் முழுவதும் தண்ணீரை உறைய வைத்திருப்பார்கள். அதற்கு மேல், அடியில் இரும்புத் தகடு பூட்டிய சப்பாத்தோடு ஆட்கள் வழுக்கி ஓடுவார்கள். கையில் நீளமான தடி. பந்துக்குப் பதிலாகக் கறுத்த ரப்பர் வட்டு. ஓட்டை போட மறந்து, கருகவும் விட்ட உளுந்து வடை மாதிரி இருக்கும். அதை எதிராளியின் வலைக்குள் அடிக்க வேண்டும். சும்மா நின்றாலே பல் கிடுகிடுக்கிற இடத்தில் வேர்க்க வேர்க்க விளையாடுகிறார்கள். விடியப்புறப் பனியில் என்னை முற்றத்துக்கே இறங்க விடாத உங்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் இவ்வளவு நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து விளையாட்டு மாஸ்டரிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "இவன் முட்டுக்காரப் பிள்ளை மாஸ்டர். ஓட விடாதையுங்கோ." மாஸ்டர் உங்கள் சொல்லை அப்படியே காப்பாற்றினார். பந்தடியென்றால் என்ன, கிரிக்கெட்டென்றால் என்ன, எல்லோரும் சேட்டுகளையும் மணிக்கூடுகளையும் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். பத்தாம் வகுப்பு முடியும்வரை எனக்கு ஒரே உத்தியோகம், உடுப்புக் காவல். எவனுடைய சேட்டு எவனுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு மணத்திலேயே சொல்வேன். வெற்றிக் கிண்ணத்தோடு படம் எடுக்கும்போதும் ஓரத்தில் உடுப்புக் குவியலோடு நான்தான் நிற்பேன்.

உங்களில் குறை சொல்லவில்லை. மூச்சு எடுக்க முடியாமல் நான் கண் பிதுங்கிக் கிடந்த நேரமெல்லாம் என்னை நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தவர் நீங்கள். அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் அம்மா, ஒரே ஒருக்கால் ஓடிப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

எங்கள் ரெஸ்டோறன்டுக்குத் திங்கட்கிழமை பூட்டு. நீங்கள் போன பிறகு அந்தத் திங்கட்கிழமைகளை எப்படிப் போக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் இருந்து சுவரைப் பார்ப்பேன். எங்கள் தலைமைச் சமையல்காரர் வால்டர், குசினியில் குரல் கொடுத்தால் ரோட்டில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார், அப்படி ஒரு ஆள். திங்கட்கிழமைகளில் அவரும் நகரத்தில் உள்ள வேறு சமையல்காரர்களும் பரிமாறுகிறவர்களும் சேர்ந்து ஐஸ் ஹொக்கி விளையாடுவார்கள். கிண்ணமும் பதக்கமும் இல்லை, சும்மா சந்தோஷத்துக்கு. ஒருநாள் வால்டர் வந்து என் அறைக் கதவைத் தட்டினார். "பாலன், வெளிக்கிடு. பைகளைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடல் தாண்டி, மலை தாண்டி வந்தும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள், இவன்தான் உடுப்புக் காவல்காரன் என்று.

போனேன். பைகளைப் பார்த்தேன். சில கிழமைகளில் பதவி உயர்வும் கிடைத்தது. விளையாடுகிறவர்கள் களைத்தால் வேலியோரம் உள்ள வாங்கிலில் வந்து குந்துவார்கள், அங்கே குந்தியிருந்தவர்கள் உள்ளே போவார்கள். அந்த வாங்கிலுக்கு முன்னால் வேலியில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்து பூட்டுகிற வேலையை எனக்குத் தந்தார்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஐஸின் குளிர் முகத்தில் அடிக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

மொனிக் என்று ஒரு பெண். எங்கள் ரெஸ்டோறன்டில் பரிமாறுகிறவள், பிரெஞ்சுக்காரி. அவள்தான் எங்கள் கோல் காப்பாளர். ஓமம்மா, பொம்பிளைதான், கண்ணை உருட்டாதீர்கள். ஒரு திங்கட்கிழமை அவள் தன் தம்பியின் பழைய ஐஸ் சப்பாத்துகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "வருத்தம், நெஞ்சு நோய்" என்றேன். அவள் பாதி பிரெஞ்சிலும் பாதி டொச் என்கிற ஜேர்மன் மொழியிலும் கேட்டாள்: "டொக்டரிடம் கேட்டாயா?"

கேட்கவில்லையே அம்மா. ஊரை விட்ட பிறகு ஒரு டொக்டரிடமும் நான் கேட்கவில்லை. நீங்கள் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டேன்.

டொக்டர் குழாய் வைத்துக் கேட்டார். ஒரு மிஷினுக்குள் ஊதச் சொன்னார். இன்னும் பலமாய், இன்னும் பலமாய் என்றார். கடைசியில், சின்ன வயதில் இருந்தது பெருமளவு விட்டுப்போய்விட்டது, நெஞ்சு நன்றாக இருக்கிறது, குளிரில் இழுத்தால் மட்டும் இதை வாய்க்குள் அடி என்று ஒரு சின்னப் புட்டியைத் தந்தார். "விளையாடலாமா?" என்று கேட்டேன். "ஏன் இவ்வளவு நாளும் விளையாடவில்லை?" என்று அவர் திருப்பிக் கேட்டார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். முதலில் உங்களிடம்தான் ஓடிவந்து சொல்ல வேண்டும் போல இருந்தது. எங்கே ஓடுவது?

பிறகு விழத் தொடங்கினேன். பழகத் தொடங்கினேன் என்று எழுதினால் அது பொய். ரெஸ்டோறன்ட் கதிரை ஒன்றை ஐஸில் வைத்து, அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள் மொனிக். பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளைகள் அம்பு மாதிரிப் போகிறார்கள். முப்பது வயதுக் கழுதை நான் கதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கதிரை ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். ஓடப் பழகிய பிறகும் நிற்கப் பழக எனக்கு நெடுநாள் எடுத்தது. நிற்க வேண்டுமென்றால் வேலியில் போய் மோத வேண்டும், வேறு வழி தெரியாது. "பாலன் வாறான், வேலியைப் பிடியுங்கள்!" என்று வால்டர் கத்துவார்.

என்னோடு ஒரே அறையில் இருக்கும் ராசன் அண்ணையை உங்களுக்குத் தெரியாது. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. உங்களுக்குப் பதிலாக என்னை ஏசுவதற்கென்றே கடவுள் அனுப்பிய ஆள். ஒருநாள் முழங்கால் வீங்கி நான் நொண்டிக்கொண்டு வந்ததைக் கண்டுவிட்டுப் பிடித்துக்கொண்டார். "தாய் செத்து ஒரு வருசமாகேல்லை, இன்னும் ஆட்டை திரும்பேல்லை. அதுக்கிடையிலை உனக்கு விளையாட்டுக் கேக்குதோ? சனம் என்ன கதைக்கும்?"

எனக்கு அது சுட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. சந்தோஷமாக இருப்பது உங்களுக்குச் செய்கிற துரோகமோ என்று கிடந்து யோசித்தேன். ஆனால் அடுத்த திங்கட்கிழமை கால் தானாக ஐஸ் மைதானத்துக்குப் போய்விட்டது. நீங்கள் கோபித்தீர்களோ அம்மா? கோபித்திருந்தால் ஒரு கனவிலாவது வந்து ஏசியிருப்பீர்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

இனிச் சிரிக்க ஒரு பகிடி சொல்கிறேன். எண்பத்தைந்தில் நான் வெளிக்கிட்டபோது சூட்கேசுக்குள் நீங்கள் திணித்த குரங்குத் தொப்பி இருக்கிறதல்லவா, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற அந்த மண்ணிறத் தொப்பி? வெட்கத்தில் நான் ஒருநாளும் போடவில்லை. ஹெல்மெட்டுக்குள் காது விறைத்துப்போன ஒரு நாள் அதை எடுத்துப் போட்டேன். அளவெடுத்துத் தைத்தது போல உள்ளே பொருந்தியது. வால்டர் தடவிப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார். என் அம்மா என்றேன். உங்கள் கற்பூரம் போட்ட தேங்காயெண்ணெய்ப் புட்டியும் அப்படித்தான். உடுப்பு மாற்றும் அறையில் எண்ணெய் வெள்ளைக் கட்டியாய் உறைந்து நின்றது. சுடுதண்ணீரில் பிடித்து இளக்கி நெஞ்சில் தேய்த்தேன். அறை முழுக்க உங்கள் மணம். ஆட்கள் மூக்கைப் பொத்தப் போகிறார்கள் என்று பார்த்தால், வால்டர் தன் முழங்காலை நீட்டி, "இங்கேயும் கொஞ்சம்" என்கிறார். இப்போது திங்கட்கிழமைகளில் அந்தப் புட்டி வரிசையாகக் கைமாறுகிறது.

ஆனால் உங்களிடம் பழகிய ஒன்றால் மட்டும் எனக்குத் தொல்லை. கால் ஒருவரில் பட்டால் உடனே அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்ற வேண்டும் என்று பழக்கிவிட்டீர்களே. ஐஸ் ஹொக்கியில் கால் படாமல் எப்படி? யார் காலில் என் கால் தட்டினாலும் கை தானாகப் போய்விடும். குனிந்து அவரைத் தொட்டு, கையுறையைக் கொண்டுபோய்க் கண்ணருகே ஒற்றுவேன். அதற்குள் வட்டு என்னைத் தாண்டிப் போய்விடும். இது என்ன நோய் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த டொச்சில், மனிதருக்குள் கடவுள் இருக்கிறார், காலால் தொடக்கூடாது என்று விளக்கினேன். வால்டர் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: "சரி. ஆனால் முதலில் வட்டு, பிறகு கடவுள்." முயன்று பார்த்தேன். கை கேட்கவில்லை. பயிற்சியில் இப்படியே நாலைந்து கோல் கொடுத்துவிட்டேன். அதனாலேயே, போட்டி என்று வந்தால் பழையபடி கதவுதான்.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

போன திங்கட்கிழமை இன்டர்லாக்கனில் இருந்து ஒரு ஹோட்டல்காரரின் அணி வந்தது. எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். நான் வழக்கம் போலக் கதவடியில் போய் நின்றேன். வால்டர் என்னைப் பார்த்தார். "இன்றைக்குக் கதவுக்கு ஆள் இல்லை. அவனவன் கதவை அவனவன் திறக்கட்டும்" என்று சொல்லி, என் கையில் தடியைத் தந்தார்.

ராசன் அண்ணையும் வந்திருந்தார். "நீ கால் முறிச்சால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு ஆள் வேணுமெல்லோ" என்று சொல்லிக்கொண்டு, இரண்டு கம்பளிச் சட்டை போட்டு வேலியோரம் நின்றார்.

ஓடினேன் அம்மா. விழுந்தேன், எழும்பினேன், மறுபடி ஓடினேன். முதல் இடைவேளை விட்டபோது வாங்கிலில் வந்து விழுந்தேன். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, தொண்டை காய்ந்துவிட்டது, மூச்சு மேலும் கீழும் இழுக்கிறது. வந்துவிட்டது என்று நினைத்தேன். பைக்குள் டொக்டரின் புட்டியைத் தேடினேன். எல்லோரும் பார்க்க இப்படி ஆகிவிட்டதே, திரும்பவும் உடுப்புக் காவலுக்குத்தான் விதித்திருக்கிறதே என்று கண் கலங்கிவிட்டது.

மொனிக் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினாள். என் முதுகில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உள்ளே விசில் சத்தம் கேட்கிறதா?" என்றாள். கவனித்துப் பார்த்தேன். இல்லை. "அப்படியென்றால் இது வருத்தம் இல்லை, களைப்பு. அங்கே பார்."

பார்த்தேன். வால்டர் நாக்கு வெளியே தொங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவனும் அப்படியே. வாங்கில் முழுவதும் எல்லோர் வாயிலிருந்தும் புகை புகையாக மூச்சு வந்துகொண்டிருந்தது. என் மூச்சும் அதோடு கலந்து போனது. எனக்கு இது தெரியவே தெரியாது அம்மா. ஓடினவன் எல்லோருக்கும் இப்படித்தான் மூச்சு வாங்கும் என்று இந்த வயதுவரை எனக்குத் தெரியாது. மூச்சு வாங்கினாலே முட்டு என்றுதான் நீங்களும் நானும் நினைத்திருந்தோம். புட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று எழுதுவது?

ஆட்டம் முடிகிற நேரம். இரண்டு பக்கமும் சரிசமம். வால்டர் என்னை அனுப்பும்போது சொன்னது இவ்வளவுதான்: "அவர்களுடைய கோலுக்கு முன்னால் போய் அலுமாரி மாதிரி நில். ஒன்றும் செய்யாதே."

போனேன். ஆனால் எனக்கு நிற்கத் தெரியாதே. அங்கே கோல் காப்பாளருக்கு முன்னால் சிவப்புத் தாடியோடு ஒரு பெரிய மனிதர் காவல் நின்றார். அந்த ஹோட்டலில் பாண் போடுகிற பேக்கரிக்காரராம். நான் போன வேகத்தில் என் சப்பாத்து அவருடைய காலில் தட்டியது. பலமாக இல்லை, ஆனால் தட்டிவிட்டது. உங்கள் பிள்ளைக்கு வேறு என்ன வரும்? கோலும் மறந்தது, வால்டரும் மறந்தார். குனிந்தேன். வலது கையால் அவருடைய முழங்காலைத் தொட்டேன், கையுறையைக் கண்ணில் ஒற்றினேன். இடது கையில் இருந்த தடி தன்பாட்டில் ஐஸில் படுத்துக் கிடந்தது. அதே நேரம் தூரத்தில் இருந்து வால்டர் அடித்த வட்டு விர்ரென்று வந்து, அந்தத் தடியில் பட்டு, திசை மாறி, கோல் காப்பாளரின் மற்றப் பக்கத்தால் உள்ளே போனது.

நான் குனிந்தபடியே இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். அதற்குள் வால்டர் என்னைத் தூக்கிவிட்டார். மொனிக் தன் கோலை விட்டுவிட்டு அவ்வளவு தூரமும் ஓடிவந்தாள். என் தலையில், முதுகில், ஹெல்மெட்டில் எல்லாம் அடி விழுந்தது. வட்டு வரும் வழியைப் பார்த்துத் தடியை வைத்துத் திருப்புவது பெரிய ஆட்டக்காரருக்கே கடினமான வித்தையாம். எங்கே பழகினாய் என்று கேட்டார்கள். சிவப்புத் தாடிக்காரர் மட்டும், தன் முழங்காலை நான் ஏன் கும்பிட்டேன் என்று விளங்காமல் நின்றார்.

வேலியோரத்தில் ராசன் அண்ணை "ஹொப் பாலன், ஹொப்!" என்று சுவிஸ்காரர் மாதிரியே கத்தி, பிறகு தமிழுக்கு வந்து, பிறகு சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். அந்த மைதானத்தில் அவர் ஒருவருக்குத்தான் நடந்தது விளங்கியது. "டேய், நீ அந்தாளைத் தொட்டுக் கும்பிட்டனியெல்லோ? நான் பாத்தனான்ரா! அது உன்ர கோல் இல்லை. கொம்மா போட்ட கோல்!" சிரித்துக்கொண்டே சொன்னவர் கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன்.

கடைசியில் இரண்டு அணியும் வரிசையாக வந்து கை கொடுப்பது இங்கே வழக்கம். அதற்கு முன்னர் மொனிக் சிவப்புத் தாடிக்காரரிடம் என் பழக்கத்தைப் பற்றி ஏதோ சொல்லியிருக்க வேண்டும். என் முன்னால் வந்து நின்றவர், தன் சப்பாத்தால் என் சப்பாத்தை மெல்லத் தட்டினார். பிறகு பகிடி எதுவும் இல்லாத முகத்தோடு குனிந்து, என் முழங்காலைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றினார்.

ராசன் அண்ணை சொன்னது சரிதான் அம்மா. என்னை ஓட விடாத நீங்கள்தான் அந்தக் கோலைப் போட்டீர்கள். தலையில் உங்கள் தொப்பி, நெஞ்சில் உங்கள் எண்ணெய், கையில் நீங்கள் பழக்கிய பழக்கம். என்னுடையது என்று அங்கே இருந்தது மூச்சு மட்டும்தான். அதுவும் இரவிரவாக நீங்கள் காப்பாற்றித் தந்தது.

நாளைக்கு உங்கள் ஆட்டைத் திவசம். ராசன் அண்ணை தானே சமைக்கிறேன் என்று சொல்லி, இப்போதே வடைக்கு உளுந்து ஊறப்போட்டுவிட்டார். வால்டரும் மொனிக்கும் சாப்பிட வருகிறார்கள். அந்தக் கோலடித்த வட்டை எனக்கே தந்துவிட்டார்கள். கழுவித் துடைத்து, உங்கள் படத்துக்கு முன்னால் படையலில் வைக்கப் போகிறேன்.  ராசன் அண்ணைதான் அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்தார். வடைக்குப் பக்கத்தில் கறுப்பாய் இருப்பதைக் கடித்துவிடாதீர்கள், பல் போய்விடும்.

இது என் சத்தியம் அம்மா. இனி எந்தத் திங்கட்கிழமையும் தலையை மூடிக்கொண்டுதான் வெளிக்கிடுவேன், நெஞ்சில் எண்ணெய் பூசிக்கொண்டுதான் ஐஸில் இறங்குவேன், கால் பட்டால் கோலே போனாலும் தொட்டுக் கும்பிடுவேன். ஆனால் ஓடுவேன். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஓடுவேன். உடுப்புக் காவலுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லோரையும் போலவே மூச்சு வாங்கிக்கொண்டு,
உங்கள் கடைக்குட்டி
பாலன்